படுகைத் தண்ணியில் ஒரு ஜீப்பு

— இதுக்கு மேல ஜீப்பு போவாது டாக்டரம்மா. பாருங்க, பாலாத்துப் படுகை முச்சூடும் தண்ணி நின்னுகினு கீது.

— நிக்கிற தண்ணிதானே உலகநாதன் அண்ணே, ஓட்டம் இல்லையே. அந்தாண்ட மேட்டுல உங்க அக்கா மாடு கன்னு போட முடியாம கிடக்கு.

— மாடு பாவம்தான். இது போன வாரம் பெயின்ட் அடிச்ச வண்டியாச்சே. சேத்தோட போனா எங்க வூட்ல என்னை வாசல்லயே நிறுத்திடுவா.

— நான் முன்னாடி இறங்கி நடக்கறேன். கம்பு விட்டு ஆழம் பார்த்துச் சொல்றேன், நீங்க பின்னாடியே வாங்க.

— ஐய, பாம்பு கீம்பு கெடக்கும்.

— மாட்டு டாக்டர் பாம்புக்குப் பயந்தா ஆச்சா? வாங்க, முட்டி அளவுதான். கீழ மணல் கெட்டியா இருக்கு. இடது பக்கம் மட்டும் வேணாம், கம்பு சொருகிக்குது.

— சரி, ஏறிக்குங்க. இனிமே நடுவுல நின்னா இஞ்சின் ஆஃப் ஆயிடும். லோ கியர்லயே ஒரே அழுத்தா அழுத்தணும். கம்பியப் புடிங்க.

— அண்ணே, தண்ணி உள்ள வருது.

— வரட்டும், காலைத் தூக்கிக்குங்க.

— வண்டி சாயுது அண்ணே.

— சாயும், வுழாது. மணல் வாரின பழைய பள்ளம் அது. அடச்சே, சக்கரம் சும்மா சுத்துது. இரு, இரு கண்ணு. தோ, புடிச்சிக்கிச்சு. புடிச்சிக்கிச்சு டாக்டரம்மா.

— கொக்கெல்லாம் எழும்புது பாருங்க. நாணல் அப்படியே பானெட் மேல படுத்து எழுந்திருக்குது.

— இன்னா, சிரிச்சிகினே வரீங்க?

— உங்க மூஞ்சியக் கண்ணாடியில பாருங்க.

— தோ, மேடு ஏறிட்டோம்.

— ஒரு நிமிஷம் நிறுத்துங்க அண்ணே. ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. மாடு கன்னு போட்டுடுச்சு. ரெண்டும் நல்லா இருக்குன்னு உங்க அக்கா மெசேஜ் போட்டாங்க. நாம தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடியே.

— அப்பறம் ஏன் வந்தீங்க?

— நாளைக்கு வந்து பார்த்திருந்தாலே போதும். ஆனா கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவ நான். இந்த மாதிரி ஒரு தடவை தண்ணியக் கிழிச்சுக்கிட்டுப் போகணும்னு அவ்வளவு ஆசை.

— அக்கா எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணுச்சு டாக்டரம்மா, உங்கள வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி. மாட்டுக்குன்னு சொல்லித்தான் வண்டிச் சாவியே குடுத்தா எங்க வூட்ல. கன்னு பொறந்துடுச்சுன்னு தெரிஞ்சிருந்தா திருப்பி வாங்கி வெச்சிக்கினிருப்பா.