ஐம்பத்தெட்டுப் பேர் பார்த்த வகுப்பு

“மேடம், நீங்க கேமராவைப் பாத்துப் பேசணும்—”

“நான் பிள்ளையளைப் பாத்துத்தான் பேசுவேன்—”

“பிள்ளையளெல்லாம் கேமராவுக்குள்ளதான் மேடம் இருக்கு—”

“அதுக்குள்ள கருப்புக் கட்டம்தாம்ட்டி இருக்கு. ஒரு மூஞ்சியக் காணல்ல.”

“மழைல்லா, நெட்டு விட்டு விட்டு வருது. அதான் படத்தை அடைச்சு வெச்சிருக்காளுவ. நீங்க தொடங்குங்க, பத்து மணி ஆச்சு.”

“மூஞ்சியப் பாக்காம எப்பிடிட்டி பாடம்—”

“தொடங்குங்க மேடம்.”

சார், இதைச் சண்டை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எங்கே பார்த்துப் பேசுவது என்று ஒரு சின்ன வாக்குவாதம், அவ்வளவுதான். வகுப்புப் பதிவில் முதலில் கேட்பது அது. ‘தொடங்குங்க மேடம்’ என்று சொன்னவள் இந்துஜா. வார்த்தைக்கு வார்த்தை ‘ட்டி’ போட்டுப் பேசுகிறவள் நான், ஜெபகனி. வயது அறுபத்தொன்று. நர்சிங் கல்லூரியில் முப்பத்தாறு வருஷமாகச் செயல்முறை வகுப்பு எடுக்கிறேன். இந்துஜா என்னிடம் படித்தவள். பிறகு எனக்கு உதவியாக வந்தாள். கம்ப்யூட்டர் வந்தபிறகு எனக்கு மேலே போனாள்.

சாயா நன்றாக இருக்கிறது. என் கை நடுங்குகிறதா என்று பார்க்கிறீர்கள். நடுங்காது. இது நடுங்கியிருந்தால் பிறந்து இரண்டு நாளான பிள்ளைக்கு நரம்பு கண்டுபிடிக்க முடியுமா?

எனக்குப் பாடம் சொல்லித் தந்தது ஒரே ஒரு அடி. பத்தொன்பது வயதில், வார்டில், ஒரு கைக்குழந்தைக்குத் தொண்டையில் பால் அடைத்துக்கொண்டது. புத்தகத்தில் என்ன போட்டிருந்தது என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். குழந்தை போய்விட்டது. மேட்ரன் கையிலிருந்த எஃகுத் தட்டால் என் வாயில் அடித்தார். இந்த முன்பல் இரண்டும் வைத்த பல். அதற்குப் பிறகு என் கையில் ஒரு பிள்ளையும் மூச்சடைத்துச் சாகவில்லை. அதனால் அடிப்பது கொடுமை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நானும் அந்த வழியில்தான் சொல்லிக் கொடுத்தேன். சிரிஞ்சைத் தப்பாகப் பிடித்தால் ஃபோர்செப்ஸால் விரல் முட்டியில் ஒரு தட்டு. இடுக்கி மாதிரி, எஃகில் இருக்குமே, அது. ரேஷ்மி என்று ஒருத்தி, கருவிகளை வேகவைக்கிற வெள்ளம் கொதித்துவிட்டது என்று எட்டிப் பார்க்காமலே சொன்னாள்.

“கொதிச்சாச்சா?”

“ஆச்சு மேடம்.”

அவள் விரல் இரண்டைப் பிடித்து உள்ளே வைத்தேன். கொதித்துத்தான் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது குவைத்தில் நல்ல வேலையில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கொரோனாவுக்காக வந்தது, கொரோனா போனபிறகும் போகவில்லை. அதற்குள் ஒரு நோயாளி படுத்துக் கிடப்பான், சார். பிள்ளைகள் மவுஸால் தொட்டுத் தொட்டு அவனுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். தப்பாகப் பார்த்தால் செத்துப்போவான். செத்தால் ஒரு பொத்தான் வரும்: ‘மீண்டும் தொடங்கு.’

“இதுல என்னத்தப் படிப்பாளுவ?” என்று இந்துஜாவிடம் கேட்டேன்.

“பயமில்லாமப் படிப்பாளுவ மேடம். தப்புச் செஞ்சு செஞ்சு படிக்கட்டுமே. யாரும் சாவப் போறதில்லல்லா.”

“ஒருத்தராவது சாவ வேண்டாமாட்டி?”

சிரித்தாள். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொண்டாள்.

வீடியோ பாடம் முழுசும் ஓடினால்தான் அட்டெண்டன்ஸ் விழும். நடுவில் நடுவில் ‘பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா’ என்று கேட்கும், ‘ஆமாம்’ என்று தொடவேண்டும். பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் வடசேரியில் ஒரு வாடகைக் கட்டிடம். கல்லூரி அங்கிருந்து வெகுதூரம், பூதப்பாண்டி போகிற வழியில். ஒருநாள் சொல்லாமல் ஹாஸ்டலுக்குப் போனேன். ஜன்னல் திட்டில் பதினோரு போன் வரிசையாகச் சாய்ந்து நின்றது. பதினொன்றிலும் ஒரே பாடம். முன்னால் சம்மணம் போட்டு ஒரே ஒரு பிள்ளை. குளச்சல்காரி, இர்ஷாதா. மற்றவர்களெல்லாம் துணி துவைக்கவும் உறங்கவும் போயிருந்தார்கள். இவளுக்குப் பாடம் பார்க்கப் பிடிக்குமாம். அதனால் போனையெல்லாம் இவளிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கமாம்.

“நீ எத்தனை பேருட்டி?”

“ஒருத்திதான் மேடம்.”

“இதுல பதினோரு பேருன்னு காட்டுதே.”

“எல்லாத்துலயும் சரியாத்தான் மேடம் தொடுகேன்.”

ஃபோர்செப்ஸ் என் பையில் இருந்தது. வலது கையை ஜன்னல் திட்டில் வைக்கச் சொல்லி ஐந்து விரலிலும் அடித்தேன். நடுவிரலில் எலும்பு விரிசல் விட்டிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். அவள் அழவில்லை. போன் ஒன்றும் கீழே விழாதபடி கையை மட்டும் பைய இழுத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்துஜா மூன்று வருஷமாக என் கைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். “ஒரு நினைவுக்குத்தான் மேடம்” என்பாள். அது ஒருநாள் பாடமாக வந்தது. திரையில் என் கை. இந்த மோதிரம், இந்தத் தழும்பு. தலை கிடையாது. குரல் அவளுடையது. ‘முதலில் தலையைச் சரித்து வாயைச் சுத்தம் செய்யவேண்டும்’ என்று என் கைக்கு அவள் சொல்லிக் கொடுக்கிறாள்.

கல்லூரி முதலாளி தங்கையன் சாரிடம் போய், வீடியோ பார்த்துப் பிள்ளைகள் ஒன்றும் படிக்கமாட்டார்கள் என்று சொன்னேன்.

“அதான் உங்க கை வீடியோவுல இருக்கே டீச்சர். எத்தனை வருஷம் ஆனாலும் கிடக்கும். இனி ஆளு என்னத்துக்கு? டிசம்பரோட ஓய்வு எடுத்துக்கிடுங்க. செயல்முறை லேபை எடுத்துக் கம்ப்யூட்டர் ரூம் ஆக்கப்போறோம்.”

இந்துஜா பக்கத்தில் நின்றாள். “மேடம் எப்பவும் நம்ம கூடத்தான் சார் இருப்பாங்க” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். செத்தவர்களைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மழைக்குக் கலெக்டர் லீவு விட்டாரல்லவா. பிள்ளைகள் வரக்கூடாது, அதனால் லேபிலிருந்து நேரலையாக வகுப்பு. லேபைப் பிரிப்பதற்குமுன் மேடத்தை வைத்துக் கடைசியாக ஒரு பாடம் பதிந்துவிடலாம் என்று இந்துஜாதான் ஏற்பாடு செய்தாள். நினைவு தப்பிய நோயாளி என்பது பாடம். திமிறினால் கட்டிலோடு கட்டுவது எப்படி, மூச்சடைத்தால் என்ன செய்வது.

பொம்மை நோயாளிக்கு நெஞ்சு ஸ்பிரிங் விட்டுப்போய் ஒரு வருஷம் ஆகிறது. வேறு வாங்கவில்லை. அப்போது ஆள்தானே படுக்கவேண்டும்? எங்கள் லேபில் அது பழைய வழக்கம், சார். ஒருத்தி படுப்பாள், ஒருத்தி செய்வாள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இந்துஜா தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். முதல் வருஷத்தில் படுத்த அதே கட்டில்.

படுப்பதற்கு முன் எனக்கு ஒன்று சொல்லித் தந்தாள். “இந்தச் செவப்புப் பொத்தானைத் தொட்டா எல்லாரு மைக்கும் அடைஞ்சிரும் மேடம். இல்லன்னா ஒரே இரைச்சலா இருக்கும்.” தொட்டேன். வகுப்பில் சத்தம் எனக்கும் ஆகாது. வாச்மேனைச் சாயா வாங்க வடசேரிக்கு அனுப்பியிருந்தேன். நாய் வரும் என்று கதவுக்குக் கொண்டி போட்டேன். திரையின் மூலையில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது. முழு வகுப்பும் வந்திருந்தது.

மணிக்கட்டு இரண்டையும், கணுக்கால் இரண்டையும் கட்டினேன். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முடிச்சு. இழுத்தால் இறுகாது, அவிழவும் செய்யாது.

“பாத்தியளா, ஒரு விரல் போற அளவுக்கு இடம் விடணும்.”

“கேமராவைப் பாத்துச் சொல்லுங்க மேடம்” என்றாள் படுத்தபடியே. அவள் கடைசியாகப் பேசியது அது.

தலையணையை எடுத்து அவள் முகத்தில் வைத்து என் பாரத்தைக் கொடுத்தேன். பிறகு கேமராவைப் பார்த்தேன்.

“நோயாளிக்கு மூச்சு அடைக்குது. அடுத்து என்ன செய்யணும்? யாராவது சொல்லுங்க.”

இதை மட்டும் நீங்கள் சரியாக எழுதவேண்டும், சார். நான் கொல்வதற்குப் போகவில்லை. கேள்வி கேட்கப் போனேன். ஒரே ஒருத்தி சரியான பதில் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கையை எடுத்திருப்பேன்.

அவள் குதிகால்கள் மெத்தையில் அடித்தன. கட்டிலுக்குச் சக்கரம் பூட்டவில்லை. அது உருண்டு போய்ச் சுவரில் இடித்தது, தட்டு கவிழ்ந்து கண்ணாடிக் குப்பிகள் உடைந்தன. சக்கரத்தைப் பூட்டு, பூட்டு என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். காலால் பூட்டினேன். தலையணை ஓரம் நழுவியபோது உறையோடு சேர்த்து என் உள்ளங்கையைக் கடித்தாள். இந்தத் தையல் அதற்குத்தான். இடது மணிக்கட்டை அவள் இழுத்த இழுப்பில் எலும்பு விட்ட சத்தம் கேட்டது. முடிச்சு விடவில்லை.

“என்ன செய்யணும்? படிச்சியள்லா?”

மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாவது நிமிஷம்.

“சொல்லுங்க மக்களே. அட்டெண்டன்ஸ் போட்டாப் போதுமா?”

ஐம்பத்தெட்டுக் கருப்புக் கட்டம். ஒருத்தி மூச்சுக்காகக் கட்டிலை உடைக்கிறாள், ஐம்பத்தெட்டுப் பேர் பார்க்கிறார்கள், ஒருத்தி வாயில் ஒரு சொல் இல்லை. இதைத்தானே நான் தங்கையன் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்?

மூன்றாவது நிமிஷத்தில் குதிகால் ஓய்ந்தது. நான் ஐந்துவரை நின்றேன். நாடி பார்த்தேன். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தேன். முறைப்படி நேரத்தைச் சத்தமாகச் சொன்னேன், பத்து இருபத்தேழு. கட்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்து, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டேன். “இன்னிக்கு வகுப்பு இவ்வளவுதான்” என்றேன். கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்று தெரியவில்லை. திரும்பி இந்துஜாவிடம் கேட்க வாயெடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

கொன்றது நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஐம்பத்தெட்டுப் பேரையும் நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும்.

இது என்ன தாள்? கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

வகுப்பு நடக்கும்போது திரை ஓரத்தில் எழுத்து ஓடுமா? இந்துஜா அதைச் சொல்லித் தரவில்லை. சொல்லியும் இருப்பாள். கேமராவைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பத்து இருபத்திரண்டு. இர்ஷாதா: ‘மேடம் விடுங்க.’ அடுத்த வரியில் வேறு பெயர், அதே சொல். அடுத்ததிலும். பதினோரு பெயர். ‘மைக் திறங்க மேடம். கத்துகேன், உங்களுக்குக் கேக்கல்ல.’ அதுவும் பதினோரு தடவை. ஒரு போனிலாவது என் கண்ணில் படட்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறாள். எழுத்துப் பிழை நிறைய இருக்கிறது. நடுவிரலில் கட்டு இன்னும் பிரிக்கவில்லையே. வாச்மேனுக்கு ஒன்பது தடவை போன் போட்டாளா? அவன் என் சாயாவுக்காக வடசேரியில் நின்றிருப்பான். உங்களுக்குச் சொன்னதும் அவள்தானா?

பத்து இருபத்துமூன்று. ‘தலையணையை எடுக்கணும். தலையைச் சரிக்கணும். வாயைச் சுத்தம் பண்ணணும். தாடையைத் தூக்கி மூச்சு குடுக்கணும்.’

பத்து இருபத்துமூன்றில் குதிகால் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

வரிசை சரிதான், சார். ஒரு படி விடவில்லை. பத்துக்குப் பத்து போடலாம்.

எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நீங்கள் அந்தப் பிள்ளையிடம் பேசியிருப்பீர்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும்.

“அந்தப் பதிலை அவ எங்கிட்ட படிச்சேன்னு சொன்னாளா மக்கா, இல்ல வீடியோவுல படிச்சேன்னு சொன்னாளா?”