கலந்து வைத்துப் பார்த்தால்

“என் ரத்தம் நல்ல ரத்தத்தையும் கெடுக்குதான்னு பாக்கப் போறாங்க” என்றார் முன்சீட்டுக்காரர். விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில், வீங்கிய முழங்காலை நடைவழியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பீங்கான் சூளையில் வேலை போலும். நகத்துக்குள் வெள்ளைக் களிமண். பக்கத்தில் இருந்த அவர் மனைவி கேட்டார்:

“ரத்தம் உறையத்தான் ஊசி போட்டாங்களே?”

“போட்டும் முட்டிக்குள்ள ரத்தம் கசியறது நிக்கலியே. அந்த மருந்த என் உடம்பே அழிக்குதோன்னு டாக்டருக்குச் சந்தேகம்.”

“அத எப்பிடிக் கண்டுபுடிப்பாங்க?”

“என் ரத்தத்தத் தெளிய வச்சு, நோவில்லாத ஆளோடதுகூட கலப்பாங்களாம். உறைஞ்சா பயமில்ல. உறையலன்னா, என்னுது அதையும் கெடுத்துடுச்சுன்னு அர்த்தம்.”

“கலந்ததும் தெரிஞ்சிடுமா?”

“தெரியாதாம். உடம்பு சூட்டுலயே கொஞ்ச நேரம் வச்சிருந்து பாக்கணுமாம். நம்ம சூளை மாதிரிதான், அவசரப்பட்டுத் தொறக்க முடியாது.”

மங்கலம்பேட்டை தாண்டும்வரை அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்ச நேரம் வச்சுப் பாத்தா அவங்களுக்கு என்னா தெரியும்?” என்றார் அந்த அம்மா. “இத்தினி வருஷமா உங்ககூட ஒரே வூட்டுல இருக்குறேன். நான் கெட்டாப் போயிட்டேன்?”