எண்ணெய் போட்ட தறி

எந்த வருஷம் என்று சொல்லத் தெரியவில்லை. தெருவுக்கு ஒரு டி.வி. வந்திருந்த காலம், எனக்குக் காதும் நன்றாகக் கேட்கும். ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் செட்டியார்பட்டித் தறிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும்.

"ஏட்டி, தறிக்கு எண்ணெய் போட்டது ஒரு குத்தமா?" என்று அவர் கத்தினார்.

"மெதுவாப் பேசுங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்கு."

"பாக்கட்டும். மெஷின் சத்தத்துல பாட்டுக் கட்டுற ஒருத்தரப் பத்தி டாக்குமெண்டரி எடுக்கோம், ஒங்க தறிச் சத்தம் வேணும்னு வந்தானுக. வீட்டுக்கு ஆள் வரும்போது தறி கடகடன்னு கெடக்கலாமா? எல்லாத்தையும் கழத்தி மாட்டி, எண்ணெய் போட்டு வச்சேன். மறுநா மைக்க நீட்டிட்டு மொகத்தச் சுளிக்கான்! எதுத்த வீட்டுச் சோம்பேறி தறி லொடலொடங்குதுல்லா, அதுதான் சங்கீதமாம். டி.வி.யிலயும் அவன் தறிதான்."

"சரி, விடுங்க."

"எப்படி விட? ஒங்கய்யா ஊரக் கூட்டி வச்சுல்லா பாத்திருக்காக. இப்பப் போனதும், அது ஒங்க தறிதானே மாப்ளன்னு கேப்பாக. நான் டி.வி.யில வராமலே போறேன். அந்த லொடலொடத் தறிய என் தறின்னு சொல்ல மாட்டேன்."

அந்த அம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"போன வாரம் எங்கய்யா சந்தைக்கு வந்தப்பவே நம்ம தறிதான்னு சொல்லிட்டேன். சத்தம் ரொம்ப நல்லாருக்குன்னாக."