சத்தத்துக்கு ஓடிய மில்லும் சரித்திரம் எழுதிய கமலாசனியும்

தலைமைக் கதிரையைத் தம் கம்பீரத்தால் நிரப்பி வீற்றிருக்கின்ற, கிளிநொச்சி அரிசி ஆலை உரிமையாளர் சங்கத் தலைவர் ஏரம்பு அண்ணை அவர்களே! கரைச்சி மண்ணைக் கழனியாக்கிய கைகளுக்குச் சொந்தக்காரர், கமக்காரர் சங்கத் தலைவர் அப்புத்துரை ஐயா அவர்களே! காடு வெட்டிக் கழனி கண்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே! பரந்தனிலிருந்தும் கனகராயன்குளத்திலிருந்தும் பஸ்ஸேறி வந்த பாசத்துக்குரியவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் தவராசாவின் தலைதாழ்ந்த வணக்கம்!

என் மனைவி கமலாசனி, வணிகப் பொருளியலில் முதுமாணிப் பட்டம் பெற்றிருக்கிறார்! (கைதட்டுங்கள், தட்டுங்கள்! நானும் தட்டுகிறேன்.) மனைவியை மேடையேறிப் புகழலாமா என்று கேட்பீர்கள். புகழாமல் எப்படி இருப்பது? பகலிலே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவிட்டு, பின்னேரத்திலே குடையோடு மில் மில்லாய் நடந்தவரை, தலையெல்லாம் தவிடும் சேலையெல்லாம் உமியுமாய் வீடு திரும்பியவரை, நான் புகழாமல் வேறு யார் புகழ்வது?

அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன? இலண்டன் மாநகரின் வங்கிகளா? இல்லை. கொழும்புத் துறைமுகத்தின் கப்பல்களா? இல்லை, இல்லை! நம்முடைய கிளிநொச்சியின் நெல்லுக் குத்துகிற மில்கள்! இத்தனை நெல் விளைகிற ஊரிலே, இத்தனை மில்கள் இருந்தும், என்னையும் சேர்த்து ஒரு மில்காரனாவது ஏன் நிமிர முடியவில்லை? இதுதான் கேள்வி.

தொடக்கத்தில் எல்லா மில்காரரும் கதிரை போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். பிறகு ஒரு கதை பரவியது. 'மில்காரர் தங்களுக்குள்ளே அடிபட்டுத் தாங்களே அழிகிறார்கள் என்று எழுதுகிறாராம்!' அவ்வளவுதான். ஒரு காலையில் என் வீட்டு முற்றத்திலே மில்காரர் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். முன்னுக்கு நின்றவர் யார்? (ஏரம்பு அண்ணை சிரிக்கிறார். சிரியுங்கோ அண்ணை, இன்றைக்குச் சிரிக்கலாம்!)

அண்ணை அன்று என்ன சொன்னார்? "தம்பி தவராசா, உன்ர மனிசி எங்கட வயித்தில அடிக்கிறா. எழுதுறதை நிப்பாட்டச் சொல்லு. இல்லாட்டி இந்தப் போகத்துக்கு உன்ர மில் வாசலில ஒரு நெல்லு வண்டில் நிக்காது."

நான் குசினிக்குள் போனேன். கமலாசனி கையிலே அகப்பையோடு நின்றார்.

"கேட்டனீரோ?" என்றேன்.

"கேட்டனான். நிப்பாட்டச் சொல்லுறதெண்டால் எங்கட மில்லைப் பற்றி எழுதினதையும் கேட்டிட்டுச் சொல்லுங்கோ."

"எங்கட மில்லைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்?"

"இந்த ஊரில ஆகலும் வீணாய் ஓடுற மில் எங்கடதுதான். நெல்லு இல்லாத நேரத்திலயும் இயந்திரத்தை நிப்பாட்டாமல் விடுறியள். ஏன்?"

"மில் ஓடுற சத்தம் கேட்டால்தானே வண்டில் எங்கட பக்கம் திரும்பும்!"

"எல்லா மில்லும் அப்பிடித்தானே சத்தம் போடுது? அந்த மனுசன் எந்தச் சத்தத்துக்கெண்டு வண்டிலைத் திருப்புவான்?"

பெரியோர்களே! கோபம் வந்ததா? வந்தது. வெட்கம் வந்ததா? அதைவிட அதிகமாக வந்தது. சத்தத்துக்கு எண்ணெய் ஊற்றினேன், சண்டைக்கு நெல்லுக் குத்துகிற கூலியைக் குறைத்தேன், பெருமைக்குப் பெல்ட் தேய்ந்தது! இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்தார்!

முற்றத்துக்கு வந்தேன். "அண்ணை, அவா எழுதட்டும்" என்றேன்.

அண்ணை சொன்னதைச் செய்கிறவர். அந்தக் காலபோக அறுவடையிலே என் வாசலில் ஒரு வண்டில் நிற்கவில்லை. நான் என்ன செய்தேன்? இயந்திரத்தை நிறுத்தினேன். (என்ன அங்கே பின்னால்? பயந்து போனியோ என்கிறீர்களா? ஓம், பயந்துதான் போனேன்! ஆனாலும் நிறுத்தினேன்.) அந்த அமைதியிலே இருந்து கமலாசனி தம் ஆய்வேட்டை எழுதி முடித்தார்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே, மலையடிவாரத்திலே, ஒரு மூடிய கதவு. உள்ளே மூன்று பேராசிரியர்கள், எதிரே ஒற்றையாய்க் கமலாசனி. வெளியே வாங்கிலே உட்கார்ந்தபடி நான். யன்னல் திறந்திருந்தது. அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்கு விளங்கியதைத் தமிழில் தருகிறேன்.

மூத்த பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மணி, உமது கணவரே ஒரு மில் முதலாளி. அவருடைய போட்டியாளர்களின் குறைகளை நீர் எழுதியிருக்கிறீர். இது ஆராய்ச்சியா, குடும்ப வியாபாரமா? நாங்கள் எப்படி நம்புவது?"

நான் யன்னலோரம் நகர்ந்தேன். கமலாசனியின் குரல் நடுங்கியதா? இல்லை!

"ஐயா, ஆகக் கூடிய வீண்செலவு உள்ள ஆலை எதுவென்று அட்டவணையிலே பாருங்கள். அதன் கீழே நான் இட்ட குறிப்பையும் வாசியுங்கள்."

அவர் வாசித்தார். "இவ்வாலை ஆய்வாளரின் கணவருக்குச் சொந்தமானது."

உள்ளே மூன்று பேராசிரியரும் சிரித்தார்கள். வெளியே நான் ஒருவன் முகத்தைக் கைலேஞ்சியால் மூடினேன்!

ஆனால் அது முடிவல்ல. இரண்டாமவர் சிரிக்காமல் கேட்டார். அதுதான் கேள்வி! "மில்கள் சண்டையை விட்டு, முறைவைத்து ஓடினால் எல்லோரும் வாழலாம் என்கிறீர். சரி. அவர்கள் ஒன்றுசேர்ந்தால் கூலியை ஏற்றிக் கமக்காரனைப் பிழிய மாட்டார்களா?"

என்ன சொல்லப்போகிறார்? எங்கள் ஆட்கள் தங்கமானவர்கள், அப்படிச் செய்யமாட்டார்கள் என்று சொல்வாரா? சொல்லியிருந்தால் அன்றோடு ஆய்வேடு கவிழ்ந்திருக்கும்!

"ஏற்றுவார்கள், ஐயா" என்றார் கமலாசனி. "அவர்களை எனக்குத் தெரியும். ஒருவரோடு குடும்பம் நடத்துகிறேன். அதனால்தான் அவர்களை நம்பச் சொல்லி நான் எழுதவில்லை. கூலியைத் தீர்மானிக்கிற மேசையிலே கமக்காரரும் சரிபாதியாய் இருக்கவேண்டும், அவர்கள் சம்மதிக்காமல் கூலி ஏறக்கூடாது என்று எழுதியிருக்கிறேன்."

"மில்காரர் அதற்கு இணங்காவிட்டால்?"

"இணங்காவிட்டால் இன்றைக்கு அழிவதுபோல நாளைக்கும் அழிவார்கள். அதைக் கடைசி அத்தியாயம் காட்டும்."

கேட்டீர்களா தாய்மார்களே! கெஞ்சவில்லை, கொஞ்சவில்லை, குழையவில்லை! கண்டதைச் சொன்னார், சொன்னதிலே நின்றார், நின்று வென்றார்! கதவு திறந்தது. மூத்தவர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கள்தானா அந்த மில்காரர்?" என்றார். "ஓம் ஐயா, அந்த மில்காரனேதான்!" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை!

செய்தி கிளிநொச்சிக்கு வந்தது. செய்தியின் பின்னாலேயே ஏரம்பு அண்ணையும் வந்தார். இம்முறை தனியாக. முற்றத்திலே நின்று, "பிள்ளை கமலாசனி, அந்தக் கடைசி அத்தியாயத்தை எனக்குத் தமிழில சொல்லு" என்றார். இருவரும் இருந்து கதைத்தார்கள். இடையிலே இரண்டு முறை சண்டை பிடித்தார்கள். (அண்ணை, மூன்று முறையா? சரி, மூன்று முறை!) அண்ணை போய் அப்புத்துரை ஐயாவின் படலையைத் தட்டினார். அதன் பிறகு நடந்ததை நான் சொல்லவேண்டுமா? இந்தப் போகத்திலே மில்கள் முறைவைத்து ஓடின. கூலியைக் கமக்காரரும் மில்காரரும் ஒரே மேசையில் இருந்து தீர்மானித்தார்கள். இதோ, ஒரே மண்டபத்திலே ஒரே வாங்கிலே இருக்கிறார்கள்! எந்தப் பல்கலைக்கழகம் தரும் இந்தப் பட்டத்தை?

சபையோரே, முடிக்கமுன் ஒன்று கேட்கிறேன். மேடையைப் பாருங்கள். எத்தனை பேர் இருக்கிறோம்? எல்லோரும் ஆண்கள்! பட்டம் பெற்றவர் எங்கே? அங்கே, பெண்கள் பகுதியிலே, மூன்றாவது வரிசையிலே, பாயில் இருக்கிறார்! இது என்ன நியாயம்? கமலாசனி, எழும்பி வாரும்! என்னுடைய கதிரையிலே இரும். நான் கீழே போய்ப் பாயில் இருந்து உம்முடைய பேச்சைக் கேட்கிறேன். வழிவிடுங்கோ, அவாவுக்கு வழிவிடுங்கோ!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுத்துக்கொண்ட அண்ணைக்கு இரட்டிப்பு நன்றி. பேசவேண்டியவர் வருகிறார், நான் இறங்குகிறேன். வணக்கம்!