அடுத்த இதழில் வரும்

காளானைக் கத்தியால் அறுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அடியோடு பெயர்த்தெடுக்க வேண்டும். தண்டின் அடியில் முட்டை ஓடு மாதிரி ஒரு பை இருந்தால் அது ஆகாத காளான். அறுத்துவிட்டால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும். கைக்கு வருவது பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். இதை எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது, இன்ஸ்பெக்டர்.

என் பெயர் இராஜமாணிக்கம். பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். எழுபத்தொன்பதில் 'காட்டுக்குடை'யைத் தொடங்கினேன். மழை விட்டதும் ரப்பர் காட்டில் முளைக்கிற காளான்களுக்கென்றே ஒரு மாத இதழ். இதற்கெல்லாமா பத்திரிகை என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். லிங்கியிலிருந்து தம்பின் வரை பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற பெண்கள், லாரி ஓட்டுகிறவர்கள், வாத்தியார்கள் என்று ஒரு கூட்டம் அதற்காகக் காத்துக்கிடந்தது. எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்பார்கள். நான் சொல்வேன். என் இதழைப் படித்து ஒருவருக்கு வயிற்றுவலிகூட வந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

போன வருஷம் தம்பின் பசார் பக்கத்தில் ஆதப்பன் இன்டர்நெட் கடை திறந்தான். சிரம்பான் செட்டியார் வீட்டுப் பிள்ளை, தங்கமான பையன். என் இதழைப் படித்துத்தான் அவனுக்கே காளான் பித்துப் பிடித்தது. கம்ப்யூட்டரில் காளானுக்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்து, முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அங்கிள், உங்க புக்கு மாசத்துக்கு ஒரு தடவதான் வருது. காளான் ஒரு நாளுக்கு மேல நிக்காது லா. இதுல காலைல பார்த்தத காலைலயே போட்டுடலாம்."

அவன் சொன்னதில் பிழையில்லை. அதுதான் என்னைச் சுட்டது. திமிராகப் பேசியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியது சரியா என்று பார்க்க ஆள் கிடையாது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு ஆதப்பனே காகிதத்தில் அடித்துக் கொடுத்தான். மெல்ல மெல்ல என் வாசகர்கள் அங்கே போனார்கள். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, சொல்லாமல் நின்றுவிட்டார்கள். வாசகர் கடிதம் பக்கத்துக்கு நானே வேறு வேறு பெயரில் கடிதம் எழுதிக்கொள்ளும் நிலை வந்தது. அச்சடித்த இதழ்கள் கட்டுப் பிரிக்காமல் என் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவமானமாக இருந்தது.

இன்டர்நெட்டில் வருவதை நம்பாதீர்கள் என்று எழுதினேன். எழுதினால் படிக்க ஆள் வேண்டுமே. சரி, காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

தோட்டத்தில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. காளான் வேகும்போது வெள்ளிக் கொலுசு ஒன்றைச் சட்டியில் போடுவார்கள். வெள்ளி கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்பார்கள். சுத்தப் பொய். எந்த விஷக் காளானும் வெள்ளியைக் கறுக்க வைக்காது. அந்தப் பழக்கத்தை ஒழிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது அதே பொய்யை, சிரம்பானில் வேறொரு கடையில் உட்கார்ந்து, 'லிங்கி ராமசாமி' என்ற பெயரில் ஆதப்பனின் பக்கத்துக்கு எழுதினேன். ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அன்றே அது வந்துவிட்டது. வேகத்தில் அவனை அடித்துக்கொள்ள முடியாது.

யாருக்காவது வாந்தி பேதி வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பஞ்சாலை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். பால்மரம் வெட்டுகிறவள். முதல் இதழிலிருந்து என்னை விடாதவள். என் இதழுக்காகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள் என்று அவள் புருஷன் தங்கராஜு கேலி செய்வார். ஒரு கையில் வாழையிலைப் பொட்டலம், மறு கையில் ஆதப்பன் அடித்துக் கொடுத்த காகிதம்.

"ஐயா, வெள்ளி போட்டா தெரிஞ்சிடும்னு இதுல இருக்கு. நீங்க அது கூடாதும்பீங்களே. அச்சுல வந்திருக்கு, பொய்யா இருக்குமாங்கய்யா?"

அச்சில் வந்தால் பொய் இருக்காது என்று அவளை நம்பவைத்தவன் நான்தான். இன்டர்நெட் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. அந்தக் காகிதத்தையும் என் இதழைப் போல இன்னொரு இதழ் என்று நினைத்திருந்தாள்.

பொட்டலத்தைப் பிரித்தாள். நாம் தின்கிற புற்றுக்காளான் மாதிரியே வெள்ளை வெளேரென்று இருந்தது. "லயத்து வீட்டுக்குப் பின்னால மருமவ பார்த்திருக்கா. கத்தியால அறுத்துக்கிட்டு வந்துட்டா, சொன்னா கேக்குதா?" என்றாள். அறுத்துப்போட்ட காளானை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது.

"அடுத்த இதழ்ல விவரமா வரும், பஞ்சாலை," என்றேன்.

அவள் சிரித்தாள். "அதுவரைக்கும் காளான் தாங்குமாங்கய்யா? தின்னக்கூடாதுன்னா இப்பவே சொல்லியிருப்பீங்க. வரேங்க."

நான் வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

தங்கராஜு காளான் தொடமாட்டார். மருமகள் முத்தாயிக்கு மாசமாயிருந்ததால் அவளுக்குக் கொடுக்கவில்லை. பஞ்சாலை மட்டும் சாப்பிட்டாள். இரவெல்லாம் வாந்தி. அதற்கடுத்த நாள் தங்கராஜு மோட்டாரில் வந்தார். "இப்ப தேவலங்கய்யா. கஞ்சி குடிச்சா. உங்ககிட்ட சொல்லச் சொன்னா," என்றார்.

சந்தோஷம் என்றேன். அந்த விஷம் நடுவில் ஒரு நாள் விடுப்பு கொடுக்கும். ஆள் எழுந்து உட்காரும், பேசும், கஞ்சி குடிக்கும். உள்ளே ஈரல் வெந்துகொண்டிருக்கும். இதைப் பற்றி நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள். தங்கராஜு போனதும் நான் முதல் பக்கத்துக்கான தலைப்பை எழுத உட்கார்ந்தேன். வேலை நிறைய இருந்தது.

அவள் இறந்துபோனாள். சட்டியில் கிடந்த கொலுசு பளபளவென்று இருந்ததாம்.

வெள்ளி நம்பிக்கை பொய் என்று அடுத்த இதழில் விவரமாகப் போட்டேன். சொன்ன சொல் தவறவில்லை. அந்த இதழ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆதப்பனின் கடையை ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள்; நீங்களும் அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தீர்கள். எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று காத்திருந்தேன். வரவில்லை. இப்போது எந்தத் தோட்டத்திலும் யாரும் காளான் பக்கமே போவதில்லை. மழை பெய்கிறது, முளைக்கிறது, அழுகுகிறது. காளானே வேண்டாம் என்பவர்களுக்குக் காளான் பத்திரிகை எதற்கு? போன மாதத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்காக நான் அழுதேன்.

ஆதப்பனைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள், அது வேறு. நேற்றைய பேப்பரில் தங்கராஜு உங்களிடம் சொன்னதைப் போட்டிருக்கிறார்கள். "பாவம், காளானைப் பார்த்து அந்த ஐயாவுக்கே தெரியாமப் போச்சு" என்று. அதைத்தான் திருத்த வந்தேன்.

ஒரு தண்டில் மட்டும் கத்தி ஆழமாக இறங்கியிருந்தது. அதன் அடியில் பையின் கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இலையைப் பிரித்ததுமே பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள், இன்ஸ்பெக்டர். இத்தனை வருஷத்தில் காளான் விஷயத்தில் நான் ஒரு தவறுகூடச் செய்ததில்லை.