கூட்டத்துச் சத்தம்

ஒரு காலம். கோயில் வாசப்படி வரைக்கும் கடல் வந்து கால் நனைச்சிட்டுப் போன காலம். முள்ளந்துறையில கயித்தான்னு ஒரு மனுசன் இருந்தானாம், அவன் பெண்டாட்டி பேரு பவுலீனாவாம். இது பவுலீனா கதை. கயித்தான் கதைன்னு எவனாவது சொன்னாம்னா அவனுக்குக் கதை தெரியாதுன்னு அர்த்தம்.

கயித்தான் இந்தக் கரையில பொறந்தவன் இல்ல. தெக்க மூணு கரை தாண்டி, இந்த ஊருப் பவுலீனாவைக் கட்டி வந்தவன். பத்து வருசம் இந்தக் கடல்ல வலை இழுத்தான். பத்து வருசமும் அவனுக்கு ‘வந்தவன்’னுதான் பேரு. கல்யாண வீட்டுல கடைசிப் பந்தி, மீன் பங்குல வாலு. நம்ம ஆளுக கொணம் அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான்.

அது வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டு உசுரை எடுத்த காலம். ஒருநாள் உப்புச் சேவுகன் ஒருத்தன் கரைக்கு வந்து, ஒரு கெழவி காயப்போட்டிருந்த கருவாட்டை மண்ணுல தள்ளி மிதிச்சானாம். ‘எந்த உப்புடி போட்ட, எந்த உப்புடி போட்ட’ன்னு கேட்டுக் கேட்டு மிதிச்சானாம். ஊருக்குத் தலைவரு பட்டங்கட்டி சந்தக்குருஸ். அவரு மவன் லொரேஞ்சு பாத்துக்கிட்டு நின்னான். கோவம் வந்துட்டு. கையில இருந்த துடுப்பால ஒரே போடு. மூணாம் நாள் சேவுகன் செத்துப் போனான்.

நாலாம் நாள் தொரை வந்தான், குதிரையில, பின்னால சிப்பாய்க. கரையில கெடந்த நாப்பது வள்ளத்தையும் ஒரு பார்வை பாத்தானாம். “நாளைக்கு உச்சிக்குள்ள ஆளைக் கொண்டாந்து ஒப்படைங்க. இல்லன்னா அம்புட்டையும் கொளுத்திருவேன்”னு சொல்லிட்டுப் போயிட்டான்.

ஊர் கூடிச்சு. எங்க கூடிச்சு? கோயில் முத்தத்துல. யாரு செஞ்சான்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்கல. பட்டங்கட்டி தொண்டையைக் கனைச்சாராம்.

“ஒரு ஆளு போனா ஊரு பொழைக்கும்வே”ன்னாராம்.

அடப் பாவி! இதே வாக்கை வேதத்துல ஒருத்தன் முன்னாலயே சொல்லியிருக்கான். கயபான்னு பேரு, தலைமைக் குரு. வருசா வருசம் கேட்ட வாக்குத்தான், ஆனா ஒருத்தருக்கும் ஒறைக்கல. தொம்மை உபதேசியாருக்குக் கூட ஒறைக்கல. அவருதான் கோயில்ல வேதம் வாசிக்கவரு, வெவரம் தெரிஞ்ச மனுசன்.

நேரா கயித்தான் வீட்டுக்குப் போனாவ. அவன் எட்டு நாளாக் காய்ச்சல்ல கெடக்கான். சேவுகன் அடிபட்ட அன்னைக்குப் பாயை விட்டு எந்திரிக்கக் கூட இல்ல. பவுலீனா கஞ்சி காய்ச்சிக்கிட்டிருந்தாளாம்.

“கயித்தான், நீ ஊருக்காகப் போவணும்”னாரு பட்டங்கட்டி.

“நான் ஒண்ணும் செய்யலையே மாமா.”

அப்ப உபதேசியாரு சொன்னாரு பாருங்க ஒரு ஞாயம். “செய்யாதவன் போனாத்தாம்ல அது பலி. செஞ்சவன் போனா அது வெறும் தண்டனை. ஆண்டவரு என்ன குத்தம் செஞ்சாரு? அவரு போவலையா?”

அவன் சரின்னு சொல்லல. காதைத் தொறந்து கேட்டுக்கோங்க, சரின்னு சொல்லவே இல்ல. வலைக்கயித்தால கையைக் கட்டினாவ. “நான் செய்யல, நான் செய்யல”ன்னு தேரி மணல் ஏறி எறங்குற மட்டும் கத்திக்கிட்டே போனானாம். பவுலீனா பின்னாலயே ஓடினா. ரெண்டு பொம்பளைக அவ தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டாவ.

கரையில காத்துக்கிட்டு நின்ன தொரை கேட்டான், “இவந்தானா?”

“அவந்தான்!”

“இவனேதானா?”

“அவனேதான்!” ஆம்பள பொம்பள, கெழடு கட்டை, அம்புட்டும் ஒரே கொரலு. கடல் எரைச்சலுக்கு மேல கேட்டுச்சாம்.

கொண்டு போனாவ. டவுனு ஜெயில்ல தூக்குல போட்டாவ. ஒடம்பு கூட வரல.

அதுக்கு மேலதான் கூத்து. செத்தவன் பேருக்கு ஊரு பூசை வச்சுது. பத்து வருசம் வாலைக் குடுத்தவனுவ, ‘கயித்தான் நமக்காகத் தன்னையே கையளிச்சாம்யா’ன்னு கண்ணைத் தொடச்சானுவ. பொம்பளைக பவுலீனா வீட்டு வாசல்ல வந்து, “நீ குடுத்து வச்சவ பவுலீனா”ன்னாவ.

“நான் எங்க குடுத்து வச்சேன்? நீங்கள்லா எடுத்துட்டுப் போனிய!”ன்னாளாம் அவ.

தவக்காலத்துல கல்லு ஒண்ணு கொத்தினாவ. ‘ஊருக்காகத் தன்னைக் கையளித்த கயித்தான்.’ பெரிய வெள்ளிக்கிழமை பாடு வாசிச்சு முடிஞ்சதும் தேரி மேல நடணும்னு ஏற்பாடு. பவுலீனா அந்தக் கல்லைத் தடவிப் பாத்தாளாம். எழுத்துத் தெரியாது அவளுக்கு. பக்கத்துல நின்னவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டா. நாளைக்கு இந்தக் கல்லு நின்னுட்டா, அவன் ‘நான் செய்யல’ன்னு கத்தினது ஒருக்காலும் நடக்காததா ஆயிரும்லா. அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தக் கத்தல் ஒண்ணுதான்.

பெரிய வெள்ளி வந்துச்சு. உச்சிப் பொழுது, கோயில் நெறைய சனம். உபதேசியாரு ஆண்டவரோட பாடுகளை வாசிக்காரு. பிலாத்து கேக்கான், ‘இவரை என்ன செய்ய?’ அங்கன நிறுத்திட்டாரு. ஏன்? அடுத்தது கூட்டத்துச் சத்தம். ‘அவனைச் சிலுவையில் அறையும்!’ அந்தப் பாவ வாக்கை நாக்குல வைக்க முள்ளந்துறையில எவனுக்கும் மனசு வராது. அதனால வருசா வருசம் ‘வந்தவன்’ கயித்தானைத்தான் நிறுத்திக் கத்த வைப்பாவ. இப்ப அவன் இல்ல. உபதேசியாரு அங்க பாக்காரு, இங்க பாக்காரு. ஒருத்தனும் தல நிமிரல.

பவுலீனா எந்திரிச்சா. கோயில் வாசல்ல போய் நடுவுல நின்னா.

“ஏன் பேசாம இருக்கிய? அன்னைக்குக் கரையில நல்லா வந்துச்சே சத்தம்! இப்பச் சொல்லுங்க.”

பட்டங்கட்டி எந்திரிச்சாரு. “ஏ பவுலீனா, கோயில்ல சலம்பாத. உம் மாப்பிளையைப் புனிதரா ஆக்கி வச்சிருக்கோம்.”

“ஆக்குனவுக ஆருன்னுதான் கேக்கேன்!”னா அவ. “ஆண்டவரு தன் உசுரைத் தானாக் குடுத்தாரு. ‘எங்கிட்டேருந்து ஒருத்தனும் எடுக்கல, நானாக் குடுக்கேன்’னு அவரு வாயாலயே சொன்னாரு. நீருதான வாசிச்சீரு உபதேசியாரே? எம் மாப்பிள குடுக்கல. குடுக்காததைப் பறிச்சிட்டு வந்து பலின்னு சொல்லாதிய. ஆண்டவரு எடத்துல அவனை நிறுத்திட்டியளே, அந்தக் கூட்டத்து எடத்துல ஆரு நிக்கப் போறிய?”

உபதேசியாரு அந்த வரியைத் தாண்டி அடுத்ததை வாசிக்கப் பாத்தாரு.

“வாசிக்காதியும்! கூட்டம் கத்தாம ஆண்டவரு எப்படிச் சிலுவைக்குப் போவாரு? அவரு அங்கனயே பிலாத்து முன்னால நிக்கட்டும். ஒங்களுக்குப் பாஸ்காத் திருநாளும் வேண்டாம், மீட்பும் வேண்டாம்.”

உபதேசியாரு வாய மூடிட்டாரு. சனம் நின்னுது. ஒருசந்தி நோன்பு வயிறு, பச்சப்புள்ளைக அழுவுது. நின்னுது. பொழுது சாஞ்சுது. நின்னுது. அவளை இழுத்துப் போடச் சொன்னாரு பட்டங்கட்டி, ஒருத்தன் காலு நவரல.

கடைசியில முன் வரிசையில ஒருத்தன் எந்திரிச்சான். லொரேஞ்சு. வாய்க்குள்ளயே சொன்னான், “அவனைச் சிலுவையில் அறையும்.”

“கேக்கல”ன்னா பவுலீனா.

இன்னொருக்காச் சொன்னான்.

“கேக்கல.”

மூணாந்தரம் கத்தினான் பாருங்க, தொண்டை கிழிஞ்சு போச்சாம். அதுக்கப்புறம் ஒருத்தர் ஒருத்தரா, பொறவு மொத்தமா, பட்டங்கட்டியும் உபதேசியாரும் சேத்து, கோயில் கூரை அதிரக் கத்தினாவ. கத்திட்டு அழுதாவ. லொரேஞ்சு ஓடி வந்து அவ கால்ல விழுந்தான். “மன்னிச்சிருங்க அக்கா.”

“அது அவரு வேலை, அங்க போய்க் கேளு”ன்னு பீடத்தைக் காட்டிட்டு எறங்கிப் போயிட்டாளாம். சாவுற மட்டும் மன்னிக்கலையாம். எதுக்கு மன்னிக்கணும்ங்கேன்?

கல்லை நடல. அது வள்ளத்துக்கு நங்கூரமாப் போச்சு. ஆனா அன்னையிலேருந்து முள்ளந்துறையில கூட்டத்துச் சத்தத்துக்கு ஆள் வைக்கது கெடையாது. பேசத் தெரிஞ்ச புள்ளை முதக்கொண்டு எல்லாரும் எந்திரிச்சு நின்னு கத்தணும். வாசப்படிக்கு நேரா ஒரு ஆளு நிக்க எடம் விட்டுருவாவ, அதுல யாரும் நிக்கக் கூடாது. சத்தம் அங்க வரைக்கும் கேக்கணும். வெளியூருச் சாமியாருமாரு மெரண்டு போய்க் கேப்பாவ, ‘இந்த ஒரு வரிக்கு ஏன்யா இப்படிக் கத்துதிய?’ன்னு. கேட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க.

மொதச் சத்தம் லொரேஞ்சு வம்சத்துக்கு. எனக்கு அவன் பூட்டன். நாப்பது வருசமா நாந்தான் ஆரம்பிக்கேன், நாளைக்குப் பெரிய வெள்ளிக்கும் நாந்தான். நீங்க எனக்குப் பின்னால முணுமுணுத்தியன்னு வைங்க, வாசிக்க விடமாட்டேன். பொழுது விடியுற மட்டும் ஆண்டவரு பிலாத்து முன்னாலயே நிப்பாரு.