கைக்கெட்டும் இடம்

காருக்குத் தீயணைக்கும் பம்பு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அளவைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். சினிமாக் கொட்டகை வாசலில் தொங்குகிற சிவப்புக் கூம்பைக் காட்டி அது மாதிரி வேண்டும் என்பார்கள். அதற்குள் இருப்பது தண்ணீர்தான். பெட்ரோல் நெருப்பில் தண்ணீரை அடித்தால் நெருப்பு அதன் மேலேயே மிதந்து பரவும். நுரை வருகிற வகை நல்லதுதான், ஆனால் இரண்டு சீட் காரில் அதை வைத்துவிட்டால் பக்கத்தில் ஆள் உட்கார முடியாது. காருக்கு ஏற்றது பித்தளைக் கைப்பம்பு. ஒரு முழ நீளம். உள்ளே மயக்க மருந்து வாசனை அடிக்கிற, கனமான ஒரு திரவம் இருக்கும். பிடியை இழுத்து அமுக்கினால் பீய்ச்சும். நெருப்பின் மேல் ஆவியாகிப் போர்த்திக்கொள்ளும்.

அய்யா, பம்பு விற்ற மதராஸ் கடைக்காரரை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்து உட்காரவைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவரை அனுப்பிவிடுங்கள். அவர் விற்றது நல்ல சாமான். கடையில் ஆறு பம்புகளைப் பிடி இழுத்துப் பார்த்து, கசிவு இல்லாததாகப் பொறுக்கி வாங்கியவன் நான். அந்தச் சாமானைக் குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

என் பெயர் எத்திராஜ். சித்தூரில் வேதாச்சலம் முதலாளியின் பஸ் கம்பெனியில் பதினாறு வருஷமாக ஷெட் மேஸ்திரி. இருந்தது எட்டு பஸ். இப்போது ஏழு. முதலாளிக்கு பஸ்ஸைவிடத் தன் கார் மேல் பிரியம் அதிகம். கப்பலேறிப் போன ஒரு துரை விற்றது, முப்பத்துநாலாம் வருஷத்து மாடல், மேலே கூரை கிடையாது, பந்தயத்துக்கென்று செய்த வண்டி. அதற்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் என்ஜின் இருமும். இருமினால் பானெட் இடுக்கில் நெருப்பு எட்டிப்பார்க்கும். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அப்படி ஆகும். ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிவிடுவோம்.

பஸ்களில் பம்பு கிடையாது. பிரேக் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வரும் நாளில் பக்கத்து லாரி ஷெட்டிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி மாட்டுவோம். ஒரு பஸ்ஸைப் பார்த்து முடித்ததும் அதையே கழற்றி அடுத்ததில் மாட்டுவோம். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒன்று வேண்டும் என்று முதலாளியிடம் மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் பார்க்கலாம் என்றார். கோபமாகச் சொன்னதில்லை.

போன புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை, புத்தூர் போகிற பஸ் கங்காதர நெல்லூர் தாண்டியதும் எரிந்தது. என்ஜின் முன்பக்கம், கதவும் முன்பக்கம். கண்டக்டர் முனிகிருஷ்ணன் பின்பக்க ஜன்னல் கம்பியை உடைத்துப் பதினோரு பேரை வெளியே இழுத்துப் போட்டான். ஐந்து பேரை முடியவில்லை. அதில் ஒருத்தி என் மனைவி ருக்மணி. அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

முனிகிருஷ்ணன் அவள் கையைப் பிடித்திருக்கிறான். பதினாறாம் நாள் வந்து சொன்னான்.

"புடிச்சிக்கினுதான் இருந்தேண்ணா. வளையல் ஒடைஞ்சி கை வழுக்கிடுச்சி."

உள்ளங்கையைக் காட்டினான். கண்ணாடி கிழித்த காயம் நாலு இருந்தது. ஒன்றில் சீழ் வைத்திருந்தது. மருந்து போட்டுக்கொள் என்றேன்.

முதலாளியும் வந்தார். அழுதார். அது நடிப்பு இல்லை. விசாரணையில், மேஸ்திரி மேல் எந்தக் குறையும் இல்லை, இது விபத்து என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார். காரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எத்திராஜு, அந்த பஸ்ஸு எரிஞ்சதுலேந்து இத்த எடுக்கவே பயமாகுது. நல்ல பம்பா ஒண்ணு பாத்து மாட்டிடு."

"பஸ்ஸுங்களுக்கு, முதலாளி?"

"பாக்கலாம். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிடும்ன்றாங்க. பாதி ரூட்டு இன்னா ஆவுதுன்னே தெரியல. இப்ப அதுல கைய வெக்க முடியாது."

சரிங்க என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இப்போது சொல்வதற்கு அது வசதியாக இருந்திருக்கும். ருக்மணி போனதிலிருந்து எனக்கு எதுவும் சரியாக வருவதில்லை. பசிகூட மணி பார்த்துத்தான்.

மாட்டுவதற்கு இடம் தேட இரண்டு நாள் ஆயிற்று. கதவில் மாட்டினால் ஆடும். டாஷ்போர்டுக்குக் கீழே முழங்கால் இடிக்கும். டிக்கியில் வைப்பது வீட்டில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம். பானெட் பக்கம் என்றால், எரிகிற இடத்திலேயே கையை விட வேண்டும். டிரைவர் சீட்டின் இடது ஓரம், தரையை ஒட்டி, முனை முன்பக்கம் பார்க்கிற மாதிரி படுக்கவைத்து மாட்டினேன். கியரை விட்ட கை தானாக விழுகிற இடம் அது. தரைப்பலகை மெலிசு என்பதால் அடியில் இரும்புத் தகடு கொடுத்து நாலு போல்ட்டில் முடுக்கினேன். சத்தம் வராமல் இருக்கப் பழைய டியூபை வெட்டி, பம்பைப் பிடிக்கிற பட்டைக்கு உள்ளே வைத்தேன். ஒரு சுண்டு சுண்டினால் பட்டை திறந்துகொள்ளும்.

முதலாளி சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். பம்பு கையோடு வந்தது. திரும்ப மாட்டச் சொல்லி மறுபடி எடுத்தார். மூன்றாவது தடவையும் எடுத்தார்.

"இனிமே பயமில்ல எத்திராஜு."

அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பயமில்லாமல் இருக்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பம்பைக் கழற்றி உள்ளே இருந்ததைச் சாக்கடையில் ஊற்றினேன். பஸ்ஸில் என்ன இருந்ததோ அதுவே காரிலும் இருக்கட்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஒன்றும் இல்லை. காரிலும் ஒன்றும் வேண்டாம். இது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வெறும் பம்பு லேசாக இருக்கும், கையில் எடுத்தால் தெரிந்துவிடும். எதையாவது ஊற்ற வேண்டியிருந்தது. குழாயடி வாசலில், பத்தடி தூரத்தில் இருந்தது. பெட்ரோல் டின் காலடியில் இருந்தது. பெட்ரோலை ஊற்றினேன்.

இதற்கு வேறு காரணம் கேட்காதீர்கள். பிறகு கை கழுவக் குழாயடிக்குப் போனேன்.

நான் தீ வைக்கவில்லை என்பதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு கார்புரேட்டரையும் பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒத்துப்பார்த்து வைப்பேன். அதை நிறுத்தினேன். அவ்வளவுதான். பம்பை மட்டும் திங்கட்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கினேன். ஐந்து மாதம் எதுவும் நடக்கவில்லை. சில வாரங்கள் அதில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு நினைவில் இல்லை.

பங்குனியில் திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸ் ராஜ்யத்தோடு போய்விட்டது. பர்மிட் என்ன ஆகும் என்று பேச பஸ் முதலாளிகள் திருப்பதியில் கூடினார்கள். வண்டி இருமுகிறது, நீயும் வா என்று முதலாளி என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நாற்பது மைல். வழியெல்லாம் பம்பு என் வலது காலை ஒட்டி இருந்தது. பாகாலாவில் டீ குடித்தோம். என் கிளாஸையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு ஜட்கா குறுக்கே வந்தது. முதலாளி பிரேக் போட்டார். என்ஜின் நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்தபோது இரண்டு தடவை இருமியது. பானெட் இடுக்கில் நெருப்பு தெரிந்தது. பெரிய நெருப்பு இல்லை. ஈரச் சாக்கு போதும். முதலாளியின் கை சரியாகக் கீழே போயிற்று. பட்டை ஒரே சுண்டில் திறந்தது. பம்போடு இறங்கி முன்பக்கம் ஓடினார். நானும் இறங்கினேன்.

எங்கள் கம்பெனி பஸ் ஒன்று அங்கே நின்றிருந்தது. அதிலிருந்து முனிகிருஷ்ணன் குதித்து ஓடி வந்தான்.

"குடுங்க முதலாளி. நீங்க தள்ளி நில்லுங்க."

முதலாளி கொடுக்கவில்லை. அவனே பிடுங்கிக்கொண்டான். என்னைப் பார்த்து, "எத்திராஜண்ணா, பானெட்டத் தொறங்க" என்றான்.

திறந்தேன்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நேரம் இருந்தது. அவன் பிடியை இழுத்து, குனிந்து, முனையைக் குறிபார்க்கும் வரைக்கும் நேரம் இருந்தது. அடிக்காதே என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே நாலடி பின்னால் போய் நின்றேன். சாதாரணமாக இரண்டடி போதும். அங்கே பூ விற்கிற அம்மாள் அதைப் பார்த்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. பார்த்தது சரிதான்.

முனிகிருஷ்ணன் உடம்பெல்லாம் வெந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் தினமும் போனேன். இளநீர் வாங்கிப் போனேன், பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். இரண்டாம் நாள் பேசினான்.

"பம்பு மேல தப்பு இல்லண்ணா. நான்தான் கிட்ட போய்ட்டேன்."

ஆமாம் என்றேன். மூன்றாம் நாள் மத்தியானம் இறந்தான்.

முதலாளி அந்த வாரமே ஏழு பஸ்ஸுக்கும் பம்பு வாங்கினார். எந்தக் கடை, எந்த வகை என்று என்னைத்தான் கேட்டார். ஏழையும் நான்தான் மாட்டினேன். டிரைவருக்குப் பின்னால் ஒரு சாண் உயரத்தில், கண்டக்டருக்கும் எட்டுகிற மாதிரி. உள்ளே இருக்க வேண்டியதுதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஆள் அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை கேட்டும் நடக்காதது இப்போது நடந்திருக்கிறது. அதை யாரும் எழுதிவைக்க மாட்டார்கள்.

புத்தூர் பஸ் ஏன் எரிந்தது என்று கேட்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பெட்ரோல் பைப் கழன்றது. அந்தப் பைப்பின் நட்டுக்கு மரை தேய்ந்திருந்தது. புதிது மதராஸிலிருந்து வர வேண்டும். சனிக்கிழமைக் கூட்டம், பஸ்ஸை நிறுத்த முடியாது. காலையில் கம்பி சுற்றிக் கட்டி அனுப்பினேன். பதினாறு வருஷத்தில் எத்தனையோ தடவை அப்படிக் கட்டியிருக்கிறேன். முன்னால் சூடாக இருக்கும், கடைசி சீட்டில் போய் உட்கார் என்று ருக்மணியை ஏற்றிவிட்டதும் நான்தான்.

கம்பி கட்டும்போது டார்ச் பிடித்தவன் முனிகிருஷ்ணன். அவன் அதை விசாரணையில் சொல்லவில்லை. என்னிடமும் ஒருநாளும் பேசவில்லை. அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. திருப்பதியில் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு அது காரணம் இல்லை. அது அப்போது என் மனதிலேயே இல்லை.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை, அய்யா. நான் தொழில் தெரிந்தவன், சொல்கிறேன். அந்த பஸ்ஸில் ஒரு பம்பு இருந்திருந்தால், நான் கட்டிய கம்பி ஒரு தப்பே இல்லை.